பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக

இந்த நாட்டில் சவக்காலைக்குப் போகிறவர்கள் பூவாளியைப் பூட்டி வைக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நீளமாக ஓர் இரும்புக் கம்பி. அதில் பச்சையும் சாம்பலுமாகப் பூவாளிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் சைக்கிளுக்குப் போடுவது போன்ற ஒரு பூட்டு, சிலதில் குடும்பப் பெயரும் எழுதி ஒட்டியிருக்கும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பூட்டு எனக்குப் புதிதல்ல. ஊரில், கொட்டாஞ்சேனையில், வரிசை வீடுகள் ஒட்டி நிற்கிற எங்கள் தோட்டத்து வீட்டுக் கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு கட்டை என்று வைத்திருந்தோம். அதெல்லாம் பூட்ஸ் கால்கள் உதைக்கும்வரைதான் தாங்கும் என்றும் எங்களுக்குத் தெரியும். ஆனால் உயிர்த்தெழுதலை எதிர்பார்த்துப் படுத்திருப்பவர்களின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூவாளியை யார் களவெடுப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. செத்தவர்களா?

என்னை அங்கே கூட்டிப்போனவர் பிறாவ் கெல்லர், எங்கள் பாசையில் கெல்லர் அம்மா. நான் இருக்கும் மேல்மாடி அறையின் சொந்தக்காரி, கீழே தனியாக இருந்தார். இடுப்பு நோவு. ஞாயிற்றுக்கிழமைகளில் புருசனின் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது பூவாளியைத் தூக்குவதற்கு என்னை அழைப்பார். முதல் நாள் நிரம்பிய பூவாளியோடு கல்லுக்கு முன்னால் போய் நின்று வாசித்தேன். மேலே புருசனின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அதற்குக் கீழே இன்னொரு பெயர். பிறாவ் கெல்லரின் பெயர். பிறந்த வருடம் இருந்தது, பக்கத்தில் ஒரு கோடு இருந்தது, கோட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

பேய்க்குக் கால் நிலத்தில் படாது என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் தோட்டத்தில் கேட்டதுதான் என்னிடம் அதிகம். குனிந்து அவருடைய காலைப் பார்த்தேன். மண்ணிறச் சப்பாத்து நிலத்தில் நன்றாகவே பதிந்திருந்தது. மரியாதையாக ஏதோ கேட்க நினைத்து வாயைத் திறந்தால், எனக்குத் தெரிந்த டொச்சுப் பாசையில், “நீங்கள் எப்போது செத்தீர்கள்?” என்றுதான் வந்தது.

“நொக் நிஹ்ற்,” என்றார் அவர். இன்னும் இல்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்டதற்குச் சொல்வது போல.

கல் வெட்டுகிறவர் வந்தபோதே தன்னுடையதையும் சேர்த்து வெட்டிவிட்டாராம். பிறகு பிள்ளைகளுக்கு அலைச்சல் இல்லையாம். மேலே போய் அவரைச் சந்திப்பீர்கள்தானே என்று ஆறுதலாகச் சொல்ல விரும்பி, கல்லையும் வானத்தையும் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்து, ஓம், பின்னேரம் மழை வரும், ஆனால் நான் மழையை நம்புகிறதில்லை, ஊற்று என்றார். நான் விடவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினேன், நீங்களும் அவரும், அங்கே, ஒன்றாக. இப்போது விளங்கிவிட்டது. சிரித்தார்.

“நாற்பது வருசம் ஒன்றாக இருந்தோமே, அது போதாதா?”

அன்று பூவாளி கனத்தது. இந்த மனுசி தன் மரணத்துக்கு இடம் விட்டுப் பெயரை வெட்டி வைத்திருக்கிறார், ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்கிறார். என் அக்கா திரேசாவுக்கோ அதற்குப் பிறகு இருப்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. அத்தானுக்கு ஒரு கோடு போடத்தான் அவளால் முடியவில்லை.

அத்தானின் பெயர் மரியதாஸ். வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் சீலை விரித்துக் காட்டுகிற வேலை. கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி நகரத்தை முழுதாகக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடி. இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள், அத்தான் பகிடி விடுவார். சேர்ட்டுப் பையில் அடையாள அட்டையையும் செபமாலையையும் ஒன்றாகத்தான் வைத்திருப்பார். “எந்த வாசல்ல எதைக் கேப்பாங்கள் எண்டு தெரியாது மச்சான். ரெண்டும் கைக்கெட்டின இடத்தில இருக்கோணும்,” என்பார். எனக்கு அந்தப் பகிடி பிடிக்காது. எனக்கு எந்தப் பகிடியும் பிடிக்காது. பகிடியைக் கேட்டால் அடுத்ததாக என்ன வரப்போகிறது என்றுதான் யோசிப்பேன்.

ஒரு நாள் காலையில் சாப்பாட்டுப் பார்சலோடு போனார். தேத்தண்ணி குடிக்கக் கடையில் இருந்து இறங்கினார், ஒரு வாகனம் நின்றது, எடுத்துக்கொண்டது, போய்விட்டது என்று கடை முதலாளி சொன்னார். அடுத்த நாள் கேட்டபோது, தான் அந்த வாகனத்தைப் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்றார். அதற்கடுத்த நாள் யார் சொன்னது என்பதும் அவருக்கு மறந்துவிட்டது. அக்கா ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள், அவர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். அங்கே முதலில் போன இடத்தைக் காட்டினார்கள். மறியற்சாலைகள், முகாம்கள், ஆஸ்பத்திரிப் பிணவறைகள். குழந்தை ஜெனிற்றாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். நானும் பின்னால் போவேன், ஆனால் வாசலில் நின்றுவிடுவேன். இரண்டு பேரும் உள்ளே போனால் வெளியில் இருந்து தேட ஆள் வேண்டுமே.

அந்த வருடங்களில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். அக்கா அத்தானின் பெயரை எடுக்கவில்லை. சுற்றிவளைப்பு என்று ஆமியும் பொலிசும் வீடு வீடாக வரும்போது அந்தத் தாளைப் பார்த்து ஆளை எண்ணுவார்கள். “கோ மே மனுஸ்ஸயா?” இந்த ஆள் எங்கே? அக்கா ஆடாமல் அசையாமல், “வெடட்ட கியா,” என்பாள். வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களே வீட்டுக்கு வந்து அவர் எங்கே என்று கேட்பதும், காணவில்லை என்று வாசல் வாசலாகச் சொன்னவள் வேலைக்குப் போயிருக்கிறார் என்பதும் அரசாங்கத்தில் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்த்து வாசிக்கப்பட்டிருந்தால் எங்கள் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துக் கதவுக் கட்டையை இன்னொரு தரம் சரிபார்ப்பேன். ஒருவரும் வாசிக்கவில்லை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு அதுவும் ஓர் அத்தாட்சி.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவோம். அந்தோனியார் காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். அக்காவுக்கு அவர் முன்பு வீட்டுத் திறப்புக்கோர்வையும் ஒரு காதுத்தோடும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார், அதனால் நம்பிக்கை. மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் ஒரு சிங்களத் தாய் வருவார். வடக்கே சண்டைக்குப் போன மகனைக் காணவில்லை. அக்காவும் அந்த அம்மாவும் ஒரே நெருப்புப் பெட்டியை மாறி மாறிக் கொடுத்துக்கொள்வார்கள். “துவே, உங்கட ஆள் வந்தாரா?” என்று பாதிச் சிங்களம் பாதித் தமிழில் அவர் கேட்பார்; துவே என்றால் மகள், புத்தா என்றால் மகன். “நே அம்மே. உங்கட புத்தா?” இல்லை என்று இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுத் திரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். எனக்கோ பயம், அவர் தன் மகனைத் தேடிச் செபிக்க, இவள் தன் புருசனைத் தேடிச் செபிக்க, அந்தோனியாருக்குக் குழப்பம் வந்து ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டால்?

பிரச்சினை எங்கள் பங்குக் கோயிலில்தான் வந்தது. மணியடித்து, பூசைக்கு எல்லாம் எடுத்துக் கொடுக்கிற சங்கிலித்தாம் சவிரி அண்ணையிடம்தான் யாருக்காகப் பூசை என்று சொல்ல வேண்டும். பாதர் அதை வாசிப்பார். ஒரு வருடம் கழிந்தபோது அக்கா போனாள், நானும் கூட நின்றேன்.

“ஆருக்கு பிள்ளை?”

“அவருக்கு.”

“சுகத்துக்கோ, ஆன்ம இளைப்பாற்றிக்கோ?”

அக்கா ஜெனிற்றாவை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

“ரெண்டில ஒண்டைச் சொல்லு பிள்ளை. உயிரோட இருக்கிற ஆக்கள் ஒரு பக்கம், செத்த ஆக்கள் ஒரு பக்கம். எதில போட?”

“அவர் வெளிக்கிட்டுப் போனவர் அண்ணை. வந்து சேரேல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“அது எனக்கும் தெரியும். பாதர் எப்பிடி வாசிக்கிறது?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “வெளிநாட்டுக்குப் போற பெடியளுக்கு ஒண்டு வாசிக்கிறியள்தானே? பிரயாணத்தில இருக்கிற ஆக்கள் சுகமாப் போய்ச் சேர எண்டு. அதில போடுங்கோ.”

அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் அதுதான் எல்லாவற்றிலும் நீளமான வாசிப்பு. வெள்ளவத்தை லொட்ஜுகளில், ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்துகிற ஏஜென்சிக்காரனின் கண்ணசைவுக்குக் காத்திருந்தவர்கள், மொஸ்கோவில் பனிக்குள் நின்றவர்கள், பாங்கொக்கில் அகப்பட்டவர்கள் என்று பாதித் தமிழ்ச்சனம் பிரயாணத்தில் இருந்தது. அத்தானும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சவிரி அண்ணை தலையைச் சொறிந்தார், ஆனால் போட்டார். பிறகு என் முறை வந்தது. நான் புறப்பட்ட அன்று என் பெயரையும் அத்தானின் பெயரையும் அடுத்தடுத்து வாசித்தார்களாம். நான் இங்கே வந்து இறங்கிய செய்தி கிடைத்ததும் அக்கா என்னை எடுத்து நன்றிப் பூசைக்கு மாற்றினாள். ஒரே வாகனத்தில் ஏறிய இரண்டு பேரில் ஒருவன் இறங்கிவிட்டது போல. அத்தானைத் தொடர்ந்து வாசித்தார்கள். வருடக்கணக்காக ஒருவர் பிரயாணத்திலேயே இருக்கிறாரே என்று எந்தப் பாதரும் கேட்கவில்லை. ஏஜென்சிகளின் இலட்சணம் அவர்களுக்கும் தெரியும்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. இங்கே முதியோர் இல்லமொன்றில் சட்டிபானை கழுவுகிறேன், கை வேலையில் இருக்கும், தலை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற தலை கொட்டாஞ்சேனைக்குப் போய்விடும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொன்னது ஞாபகம் வரும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆத்துமாக்கள் நெருப்பில் நிற்கும். நாங்கள் இங்கே அவர்களுக்காகச் சொல்கிற ஒவ்வொரு செபமும் அங்கே ஒரு துளி தண்ணீர். அப்படியானால் அத்தான்? மற்றவர்களுக்கெல்லாம் ஊரில் இருந்து துளி துளியாக வந்துகொண்டிருக்க, ஒருவரும் பார்க்க வராத மறியற்காரனைப் போல இவர் மட்டும் நாக்கு வறண்டு நிற்கிறாரா? இவருக்கான செபமெல்லாம் விமான நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறதா? ஒரு நாள் பொறுக்க முடியாமல் தொலைபேசியில் கேட்டுவிட்டேன்.

“அக்கா, ஒருவேளை...”

“என்னடா ஒருவேளை?”

“அத்தான் அங்கை இருந்தா, ஒரு துளி தண்ணியும் இல்லாமல்...”

“செத்திருந்தா அவரைக் கடவுள் பாப்பார். அது அவற்ற வேலை. உயிரோட இருந்தா என்னை விட்டா அவருக்கு ஆர் இருக்கினம்?” பிறகு அதே குரலில், “நீ குளிருக்குத் தலைக்குத் தொப்பி போடுறனியோ?” என்றாள்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டிப் பார்த்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். செய்தி சொன்னது ஜெனிற்றா, இப்போது அவள் வேலைக்குப் போகிற பெரிய பிள்ளை. அகதி என்று இந்த நாடு எனக்குத் தந்திருக்கிற பயணப் புத்தகத்தில் உலகத்தின் எல்லா நாடுகளுக்கும் போகலாம், ஒன்றைத் தவிர என்று அச்சடித்திருக்கிறது. அந்த ஒன்றில்தான் அக்கா படுத்திருந்தாள். தொலைபேசியைக் காதில் வைத்து நான் அழ, அவள் என்னைத் தேற்றினாள். குரலில் நோவு இருந்தது. ஆனால் நெடுநாள் இழுபட்ட வேலையொன்று முடிவுக்கு வருகிறது என்பது போல ஒரு தெம்பும் இருந்தது.

“அழாதை. நான் எல்லா இடமும் தேடிப் பாத்திட்டன் தம்பி. இனிப் பாக்காத இடம் அது ஒண்டுதான். அங்கை போய்ப் பாத்தா ஒரு முடிவு தெரிஞ்சிடும். வாசல்ல நிக்கிறவருக்குத் தமிழ் விளங்கும் எண்டு நினைக்கிறன்.”

“அக்கா, பகிடி விடாதை.”

“இது அத்தான்ர பகிடி. நான் கடன் வாங்கினது.” பிறகு குரல் தாழ்ந்தது. “ஆனா ஒண்டு. அங்கை அவர் இல்லாட்டி?”

நான் தொலைபேசியைக் காதோடு இறுக்கினேன்.

“இல்லாட்டி இஞ்சதான் எங்கையோ இருக்கிறார். நானும் போயிட்டா, அவர் ஆற்ற கணக்கிலும் இல்லை. பூசையில அவற்ற பேரை மாத்த விடாதை. ஜெனிற்றா மாத்தப் பாப்பாள். நீ பாத்துக்கொள். சொல்லு.”

“ஓம் அக்கா.”

“வடிவாச் சொல்லு.”

“மாத்த விடமாட்டன் அக்கா.”

பரலோகத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்து, அங்கே தான் தேடுகிற ஆள் இல்லாமற் போய்விட்டால் என்று பயந்தபடி செத்தவள் என் அக்காவாகத்தான் இருப்பாள். கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தாள். மாதம்பிட்டிச் சவக்காலையில் அடக்கம். மழை பெய்ததாகவும், குழிக்குள் தண்ணீர் நின்றதாகவும், சவிரி அண்ணை குடை பிடித்ததாகவும் ஜெனிற்றா சொன்னாள். நான் அன்று சட்டி கழுவினேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னால் அவள் என்னை அழைத்தாள்.

“மாமா, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேத்து ஆன்ம இளைப்பாற்றிக்குக் குடுக்கப் போறன்.”

“பிள்ளை, அம்மா சொன்னவ...”

“அம்மா சொன்னவ. அம்மா போயிட்டா. இனிச் சுற்றிவளைப்பு வந்தா ‘வெடட்ட கியா’ எண்டு நானோ சொல்லுறது? எனக்கு அவற்ற முகமும் ஞாபகமில்லை மாமா. நான் ஒருக்காலும் அப்பாவுக்கெண்டு அழேல்ல. வரப்போற ஆளுக்கு அழக்கூடாது எண்டு அம்மா அடிப்பா. எனக்கும் ஒரு செத்த அப்பா வேணும். மற்றப் பிள்ளையளைப் போல.”

ஒரு பக்கம் செத்துப் போனவளுக்குக் கொடுத்த வாக்கு, ஒரு பக்கம் அப்பாவுக்காக அழக் காத்திருக்கிற பிள்ளை. சிஸ்டர் சொன்ன தண்ணீர் ஞாபகம் வந்து நானும் உள்ளுக்குள் அவள் பக்கம்தான் சாய்ந்தேன் என்பது இன்னும் பயமாக இருந்தது. அவளுக்குப் பிறாவ் கெல்லரின் கல்லைப் பற்றிச் சொன்னேன். பெயர் இருக்கிறது, பிறந்த வருடம் இருக்கிறது, கோடு இருக்கிறது, பிறகு வெறும் இடம்.

“உயிரோட இருக்கிற மனுசியோ? விசர் சனம்,” என்றாள் ஜெனிற்றா. தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பூசை முடிந்து அவளே அழைத்தாள். அக்காவை இளைப்பாற்றியில் வாசித்தார்களாம். அப்பாவை எதில் போடுவது என்று அவள் முடிவெடுத்துச் சொல்வதற்கு முன்பே சவிரி அண்ணை பழக்கத்தில் பிரயாணக்காரரோடு எழுதிக் கொடுத்துவிட்டாராம், பாதரும் வாசித்துவிட்டாராம். “அந்தக் கிழவனோட ஆர் சண்டை பிடிக்கிறது? இருக்கட்டும்,” என்றாள். அவள் கோபமாகச் சொன்னாள், ஆனால் கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

போன ஞாயிறு மறுபடியும் அழைத்தாள். பின்னால் கல்லில் உளி தட்டுகிற சத்தம். மாதம்பிட்டியில், சவக்காலைக்கு முன்னால் கல் வெட்டுகிற பாஸின் பட்டறையில் நிற்கிறாளாம். அம்மாவின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறாள். பாஸ் சிங்களத்தில், இவர் எப்போது செத்தார் என்று கேட்டாராம். “தன்னே நே,” தெரியாது என்றாளாம் இவள். ஏன் தெரியாது என்று கேட்பார், சொல்லி அழவேண்டி வரும் என்று பயந்துகொண்டு நின்றாளாம். பாஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “எஹெனம் இட தியமு.” அப்படியென்றால் இடம் விடுவோம். இப்படிக் கன கல் வெட்டியிருக்கிறாராம், சிங்களத்திலும் தமிழிலும். பிறாவ் கெல்லருக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் எப்போதோ அதற்குப் பழகிவிட்டது.

“அப்ப அழுதிட்டன் மாமா,” என்றாள் ஜெனிற்றா. “பாஸ் தேத்தண்ணி எடுப்பிச்சுத் தந்தவர்.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “மாமா, கீழ இன்னும் ஒரு பேருக்கு இடம் இருக்காம். உளி கையில இருக்கேக்கையே வெட்டுறது லேசாம். உங்கட பேரையும் வெட்டவோ?”

“நொக் நிஹ்ற்,” என்றேன்.

“என்ன மாமா? என்ன பாசை?”

தமிழில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “இடத்தை விடச் சொல்லு பிள்ளை,” என்று மட்டும் கடைசியில் சொன்னேன்.

தொலைபேசிக்குப் பக்கத்து ஆணியில் பூவாளிப் பூட்டின் திறப்புத் தொங்குகிறது. பிறாவ் கெல்லர் இப்போது நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறார், இடுப்பு முழுதாக விட்டுவிட்டது. சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனால், “ஊற்றினாயா?” என்பதுதான் முதல் கேள்வி. போகும்போது பூவாளியை எனக்கே தந்துவிட்டார். என் பெயரை எழுதி ஒட்டச் சொன்னார், இல்லாவிட்டால் யாராவது எடுத்துவிடுவார்களாம்.

அந்த ஞாயிறு பின்னேரம் சவக்காலைக்குப் போனேன். மாதம்பிட்டியில் மழை பார்த்துக்கொள்ளும், இங்கே நான் பார்க்க வேண்டியிருக்கிறது. புருசனின் பெயரில் ஊற்றினேன், பிறகு பிறாவ் கெல்லரின் பெயரில். தண்ணீர் கோட்டைத் தாண்டி வெறுங்கல்லில் வழிந்தபோது கையை நிறுத்தாமல் கொஞ்சம் கூடவே ஊற்றினேன், போகிறது எங்கே போனாலும் போகட்டும் என்று. பிறகு பூவாளியைக் கொண்டுபோய் மற்றவர்களின் பெயர்களுக்கு நடுவில் தொங்கவிட்டேன். முல்லர், ஷ்மிற், வேபர், நான். எனக்குச் சொந்தமான ஒருவரும் படுத்திராத அந்தச் சவக்காலையில் பூட்டைப் போட்டுவிட்டு, பூட்டுப்பட்டதா என்று இழுத்துப் பார்த்தேன். கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தேன்.